தலைநகரின் இரயில் நிலையமும் நம் மக்களும்



கோலாலம்பூருக்குப் போய் வந்தவர்கள் அந்த வெண்ணிற இரயில் நிலையத்தைப் பார்க்காமல் வந்திருக்க மாட்டீர்கள். வளைவு வளைவான வாசல்களும், கூரை மேல் குடை கவிழ்த்தது போன்ற சின்னஞ்சிறு கோபுரங்களும் கொண்ட அந்தக் கட்டடம் ஓர் அரண்மனை போலவே தோன்றும். "எந்த இராஜா கட்டியது?" என்று பிள்ளைகள் கேட்பதும் உண்டு. இராஜா யாரும் கட்டவில்லை. ஈயமும் இரப்பரும் ஈட்டிய வருமானம் அங்கே கட்டடமாக எழுந்து நிற்கிறது. அந்த வருமானத்தில் நம் முன்னோரின் உழைப்பும் கலந்திருக்கிறது. ஆகவே அந்த நிலையத்தின் வரலாற்றையும், இன்று அங்கே கிடைக்கும் வசதிகளையும் நாம் தெரிந்து கொள்ள வேண்டியது அவசியம்.

முதலில், இந்த நாட்டுக்கு இரயில் ஏன் வந்தது என்று பார்ப்போம்.

நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன் கோலாலம்பூர் ஓர் ஈயச் சுரங்க ஊர். தோண்டி எடுத்த ஈயத்தைக் கப்பலில் ஏற்ற வேண்டுமானால், காட்டுப் பாதையில் மாட்டு வண்டியிலும், பிறகு கிள்ளான் ஆற்றில் படகிலும் கொண்டு போக வேண்டும். மழை பெய்தால் பாதை சேறாகிவிடும். நாள் கணக்கில் சரக்கு தேங்கும், செலவும் ஏறும். இந்தத் தொல்லையைத் தீர்க்கவே சிலாங்கூரில் இரயில் பாதை போடத் தீர்மானித்தார்கள். அப்போது சிலாங்கூரில் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்தவர் பிராங்க் சுவெட்டன்ஹாம்.

மலாயாவின் முதல் இரயில் பாதை 1885-இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரை திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டே, 1886-இல், கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்கு எதிர்க்கரையில் உள்ள புக்கிட் கூடா வரை, ஏறக்குறைய 20 மைல் தூரத்திற்கு வண்டி ஓடத் தொடங்கியது. ஆற்றின் மேல் பாலம் கட்டி முடித்த பிறகு, 1890-இல் இரயில் கிள்ளான் நகரத்தை எட்டியது. 1901-இல் போர்ட் சுவெட்டன்ஹாம் என்ற புதிய துறைமுகம் திறக்கப்பட்டது. 1972 முதல் அதைத்தான் போர்ட் கிள்ளான் என்று அழைக்கிறோம். 1909-இல் வடக்கே பிறை முதல் தெற்கே ஜொகூர்பாரு வரை ஒரே தொடர்ப் பாதை அமைந்தது.

இப்படிப் பாதை நீண்டு, சரக்கும் பயணிகளும் பெருகவே, தலைநகருக்குப் பெரிய நிலையம் ஒன்று தேவைப்பட்டது. அதுதான் 1910-இல் கட்டி முடிக்கப்பட்ட கோலாலம்பூர் நிலையம். செலவு 7 இலட்சத்து 79 ஆயிரம் வெள்ளி. வரைபடம் போட்டவர் ஆர்தர் பெனிசன் ஹப்பாக் என்ற ஆங்கிலேயர். நகரின் ஜாமெக் பள்ளிவாசலையும், ஈப்போ இரயில் நிலையத்தையும் வடிவமைத்தவர் அவரே. இந்தியாவில் மொகலாயர் காலத்துக் கட்டடங்களில் காணும் வளைவுகளையும் குவிமாடங்களையும் அவர் இங்கே கொண்டு வந்தார். எதிரே தெரியும் இரயில்வே தலைமையகம் 1917-இல் முடிந்தது. நிலையத்திலேயே ஒரு தங்கும் விடுதியும் நெடுங்காலம் நடந்து வந்தது. அது 2011-இல் மூடப்பட்டது.

வரைபடம் போட்டவர் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. தண்டவாளம் போட்டவர்கள் பெயர் இல்லை.

மலாயாவின் இரயில் பாதை ஒரு மீட்டர் அகலம் கொண்டது. காட்டை வெட்டி, மண்ணைக் கொட்டி மேடாக்கி, சல்லிக் கல் பரப்பி, கட்டைகளை வரிசையாகப் போட்டு, அதன் மேல் இரும்பைப் பொருத்த வேண்டும். போட்டு முடித்ததோடு வேலை தீர்ந்துவிடாது. நம் நாட்டு மழையில் கல் அரித்துப் போகும். கட்டை உளுத்துப் போகும். புல் முளைத்து மூடும். ஆகவே ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு குழுவை அமர்த்தி, அன்றாடம் பாதையைக் கவனிக்கச் செய்தார்கள். இந்தக் கடும் வேலையில் பெரும் பகுதியைச் செய்தவர்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர்கள். ஸ்டேசன் மாஸ்டர், கிராணி போன்ற வேலைகளுக்கு ஆங்கிலம் படித்த யாழ்ப்பாணத் தமிழர்கள் பலர் வந்தார்கள். ஒரே மொழி பேசினாலும் வேலையும் சம்பளமும் வீடும் வேறு வேறாகவே இருந்தன.

இரயில்வே வேலை எங்கே இருந்ததோ அங்கே தமிழர் குடியிருப்பும் வளர்ந்தது. செங்கல் சூளைகளால் பெயர் பெற்ற பிரிக்பீல்ட்சில் இரயில்வே பணிமனையும் ஊழியர் வீடுகளும் அமைந்தன. செந்தூலில் இரயில் எஞ்சின்களையும் பெட்டிகளையும் பழுது பார்க்கும் பெரிய தொழிற்சாலை இருந்தது. கோயிலும், பள்ளியும், கடைத்தெருவும் இவற்றைச் சுற்றியே எழுந்தன.

தோட்டங்களுக்கும் இரயிலுக்கும் உள்ள உறவு இன்னும் நெருக்கமானது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி வந்த நம்மவர்கள் பினாங்கிலோ, போர்ட் சுவெட்டன்ஹாமிலோ இறங்கினார்கள். முகாமில் நோய்ச் சோதனை முடிந்த பின் தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். பலருக்கு அந்தப் பயணம் இரயிலில்தான். அவர்கள் வெட்டிய இரப்பர் பாலும் தகடாகிப் பெட்டியில் அடைபட்டு, அதே பாதையில் துறைமுகத்துக்குத் திரும்பியது. ஆள் வந்த வழியிலேயே இரப்பர் போயிற்று என்று சொல்லலாம்.

இந்தப் பாதையில் ஒரு துயரப் பயணமும் உண்டு. 1942 ஜனவரியில் ஜப்பானியர் கோலாலம்பூரைப் பிடித்தார்கள். சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் இரயில் பாதை போட அவர்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைச் சரக்குப் பெட்டிகளில் ஏற்றி வடக்கே கொண்டு போனார்கள். வேலையும் சோறும் உண்டு என்று ஆசை காட்டி அழைத்தவர்களும் உண்டு, பிடித்து ஏற்றியவர்களும் உண்டு. 1943 அக்டோபரில் பாதை முடிந்தது. ஆனால் காலராவுக்கும், மலேரியாவுக்கும், பட்டினிக்கும், அடிக்கும் இரையானவர்கள் திரும்பவில்லை. சயாம் மரண இரயில் என்று நம் பெரியவர்கள் சொல்வது இதைத்தான். வீட்டில் பெயர் மட்டும் மிஞ்சிய ஒரு தாத்தாவோ, சின்னையாவோ இல்லாத பழைய தோட்டங்கள் குறைவு.

இனி, இன்றைய நிலைமைக்கு வருவோம்.

1995-இல் கிள்ளான் பள்ளத்தாக்கில் மின்சார இரயில் ஓடத் தொடங்கியது. அதைக் கொமுட்டர் என்கிறோம். 2001-இல் பிரிக்பீல்ட்சில், பழைய இரயில்வே பணிமனை நிலத்தில், கே.எல். சென்ட்ரல் என்ற புதிய நிலையம் திறக்கப்பட்டது. தூர ஊர் வண்டிகளின் முக்கிய நிலையம் அதுவே ஆயிற்று. 1910-ஆம் ஆண்டுக் கட்டடத்தில் இப்போதும் கொமுட்டர் வண்டிகள் நின்று போகின்றன.

இங்கே ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். கோலாலம்பூர் நிலையம் வேறு, கே.எல். சென்ட்ரல் வேறு. இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தூரம், அடுத்தடுத்த நிறுத்தங்கள். பெயர்கள் ஒன்று போல் இருப்பதால் தவறான இடத்தில் இறங்கி, ஈப்போ வண்டியைத் தவற விடுபவர்கள் உண்டு. ஈப்போ, பட்டர்வொர்த், பாடாங் பெசார் போன்ற ஊர்களுக்கு இ.டி.எஸ். என்ற விரைவு மின் இரயிலில் போகிறவர்கள் கே.எல். சென்ட்ரலில் இறங்குவது நல்லது. விமான நிலைய இரயிலும், எல்.ஆர்.டி.யும் அங்கே உண்டு. மோனோரெயிலுக்கும், மியூசியம் நெகாரா எம்.ஆர்.டி. நிலையத்துக்கும் அங்கிருந்து நடந்தே போகலாம். தேசியப் பள்ளிவாசல், பாசார் செனி ஆகியவற்றுக்குப் போகிறவர்கள் பழைய நிலையத்தில் இறங்கினால் நடை தூரம்தான்.

போர்ட் கிள்ளான், கிள்ளான், ஷா ஆலம், பத்து தீகா, சுபாங் ஜெயா, வானொலி நிலையம் இருக்கும் அங்காசாபுரி ஆகியவை எல்லாம் ஒரே கொமுட்டர் பாதையில் வருகின்றன. பத்துமலைக்கு 2010 முதல் கொமுட்டர் ஓடுகிறது. கிள்ளான் பக்கமிருந்து பத்துமலைக்குப் போகிறவர்கள் வழியில் வண்டி மாற வேண்டும், கே.எல். சென்ட்ரலில் மாறுவது எளிது. கொமுட்டரில் பெண்களுக்கென்று தனிப் பெட்டியும் 2010 முதல் உண்டு. இரவில் வேலை முடிந்து திரும்பும் நம் பெண் பிள்ளைகளுக்கு இது பெரிய துணை. மூத்த குடிமக்களுக்கும் மாணவர்களுக்கும் கட்டணச் சலுகை உண்டு; அடையாள அட்டையைக் கையோடு கொண்டு போய், முகப்பில் கூச்சப்படாமல் கேளுங்கள். பெருநாள் காலத்தில் தூர வண்டிகளில் இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும். முன்கூட்டியே பதிவு செய்வது நலம்.

தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. லயங்கள் போய்விட்டன. அங்கிருந்த மக்கள் கிள்ளானிலும், ஷா ஆலத்திலும், பூச்சோங்கிலும் சிதறி வாழ்கிறார்கள். லயம் போனதோடு, யார் எந்தக் கப்பலில் வந்தார், எந்த ஸ்டேசனில் இறங்கினார், யார் சயாமுக்குப் போனார் என்ற செய்திகளும் போய்க் கொண்டிருக்கின்றன. பழைய நிலையத்தைப் பாதுகாக்கச் சட்டம் இருக்கிறது. நம் குடும்பச் செய்தியைப் பாதுகாக்க நம்மைத் தவிர ஆள் இல்லை.

ஆகவே நேயர்களே, வீட்டில் வயதான பாட்டியோ தாத்தாவோ இருந்தால், பிள்ளைகளை உட்கார வைத்து இந்தக் கேள்விகளைக் கேட்கச் சொல்லுங்கள். பெயர், ஊர், தோட்டம், ஆண்டு ஆகிய நான்கையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். அடுத்த முறை பிள்ளைகளோடு கோலாலம்பூர் போகும்போது, பழைய நிலையத்தின் மேடையில் கொஞ்ச நேரம் நின்று, இந்தத் தண்டவாளத்தைப் போட்டவர்கள் யார் என்று அவர்களுக்குச் சொல்லுங்கள்.