ஒரு வரி வெள்ளை

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே எனக்குக் கால் தரையில் பாவவில்லை. திருவல்லிக்கேணியில் ஒரு சந்து. எதிரே ஆள் வந்தால் உடம்பை ஒடுக்கிக்கொண்டு ஏறவேண்டிய மாடிப்படி. மேலே, கவிதைப் புத்தகங்கள் போடுகிற ஒரு சின்னப் பதிப்பகம். சென்னைப் புத்தகக் காட்சிக்கு இன்னும் மூன்றே வாரம். இந்த நேரத்தில் பதிப்பகத்துக்குள் வேடிக்கை பார்க்க அனுமதிப்பது, முகூர்த்தத்துக்கு முந்தின ராத்திரி கல்யாணச் சமையல்கட்டுக்குள் விடுவது மாதிரி. விட்டுவிட்டார்கள்! "ஓரமா நில்லுங்க, எதையும் நகத்தாதீங்க, அவ்வளவுதான்" என்றார் பதிப்பாளர். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. வாருங்கள், நீங்களும் என் பக்கத்தில் ஓரமாக நில்லுங்கள்.

ஆனால் ஓரம் எங்கே இருக்கிறது? சுவரோடு சுவராக பிரவுன் தாள் சுற்றிய கட்டுகள். கட்டுகளுக்கு மேல் சணல் உருண்டை, கோந்து டப்பா, காலி டீ டம்ளர்கள், யாரோ காயப்போட்ட துண்டு. நாற்காலியில் கையெழுத்துப் பிரதிகள் உட்கார்ந்திருக்க, அண்ணாச்சி ஒரு புத்தகக் கட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறார். பழைய தாள் வாசனையும் மதியத்து எலுமிச்சை சாத வாசனையும் கலந்து வருகிறது. எனக்கு அது பிடித்திருக்கிறது.

நாம் பார்க்க வந்திருப்பது ஒரு முதல் தொகுப்பு. எழுதியவர் புதுக்கோட்டைப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. இரவு பஸ்ஸில் வந்து இறங்கியவர், தோள் பையைக்கூட இறக்கி வைக்காமல் கணினிக்கு முன்னால் நிற்கிறார். லேஅவுட் செய்கிற தம்பிக்கு இருபத்தைந்து வயதிருக்கலாம். பழைய எழுத்துருவில் வந்த கோப்பை யூனிகோடுக்கு மாற்றியிருக்கிறான். அதில் சில 'கொ'க்கள் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று சிதறிக் கிடக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாகப் பிடித்து ஒட்டவைக்கிறான்.

திடீரென்று "ஐயோ!" என்றார் கவிஞர்.

என்ன ஆயிற்று? ஒரு கவிதையின் கடைசி வரி, பக்கத்தில் இடம் போதாமல் அடுத்த பக்கத்தின் உச்சிக்குப் போய்விட்டது. இரண்டே சொல்: என்றாள் அம்மா. "இது அங்க போனா இந்தக் கோபம் முழுக்க என் கோபமா ஆயிடும் தம்பி. எங்கம்மா என்னை விடமாட்டாங்க!" அறையே சிரித்தது. தம்பியும் சிரித்தபடியே தலைப்பை ஒரு நூல் மேலே ஏற்றி, மேல் விளிம்பில் ஒரு துளி கரைத்து, அம்மாவைப் பத்திரமாக அதே பக்கத்துக்கு அழைத்து வந்தான். அரை மணி நேர வேலை. புத்தகத்தில் அந்தப் பக்கத்தைப் பார்க்கிற யாருக்கும் அங்கே ஒரு விபத்து தவிர்க்கப்பட்டது தெரியப் போவதில்லை.

அந்த அறையில் எனக்கு முதலில் புலப்பட்டது இதுதான். கவிதைப் புத்தகத்தில் எழுத்தைவிட எழுத்தில்லாத இடத்துக்குத்தான் அதிகம் மெனக்கெடுகிறார்கள். எங்கே வரி முறிகிறது, எத்தனை விரல்கடை விட்டு அடுத்தது தொடங்குகிறது, எந்தப் பக்கம் சும்மா கிடக்கிறது என்று நாள் முழுக்க இதே பேச்சு. இதைப் பார்க்கத்தான் உங்களையும் கூட்டிக்கொண்டு வந்தேன்.

அடுத்தது கணக்கு. புத்தகம் ஃபாரம் ஃபாரமாக அச்சாகும். ஒரு ஃபாரத்துக்கு 16 பக்கம். தொகுப்போ 83 பக்கம் வந்திருக்கிறது. ஐந்து ஃபாரம் என்றால் 80. "மூணு பக்கம் குறைச்சாகணும்மா" என்று அண்ணாச்சி மெதுவாகச் சொன்னார். "சின்னக் கவிதை ரெண்டை ஒரே பக்கத்துல போட்டுடலாமே" என்று தம்பி யோசனை சொல்ல, கவிஞர் பட்டென்று திரும்பினார்: "முன்பின் தெரியாத ரெண்டு பேரை ஒரே கட்டில்ல படுக்கவைக்க மாட்டேன்!" பிறகு அச்செடுத்த தாள்களை அள்ளிக்கொண்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்துவிட்டார். ஏறி இறங்குகிறவர்கள் அவரைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். முக்கால் மணி நேரம் கழித்து இரண்டு கவிதைகளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தார். ஒன்று இரண்டு பக்கம், ஒன்று ஒரு பக்கம். கண் லேசாகச் சிவந்திருந்தது. அண்ணாச்சி ஒன்றும் கேட்கவில்லை. டீ சொன்னார்.

மறுநாள் புரூஃப். எழுபது வயதுக்கு மேலான ஐயா ஒருவர் வருகிறார். சிவப்பு மையும் பச்சை மையுமாக இரண்டு பேனா, கண்ணாடிக் கூட்டில் ஒரு மூக்குப்பொடி டப்பி. கவிதையை அவர் கண்ணால் மட்டும் திருத்துவதில்லை. வாய்விட்டுப் படிக்கிறார், மூலப் பிரதியை வைத்துக்கொண்டு தம்பி பின்தொடர்கிறான். ராகமும் இல்லை, உணர்ச்சியும் இல்லை. கமா வந்தால் "கமா", புள்ளி வந்தால் "புள்ளி". இரண்டு பத்திகளுக்கு நடுவே வெறும் இடம் வந்தால் என்ன சொல்கிறார் தெரியுமா? "ஒரு வரி வெள்ளை." கேட்டதும் எனக்குப் புல்லரித்துவிட்டது. வெற்றிடத்துக்கும் குரல் கொடுத்து, அது சரியாக இருக்கிறதா என்று பார்த்து, தாண்டிப் போகிறார்!

நடுவில் ஒரு செல்லச் சண்டை. 'மழையை' என்று ஒரு வரி முடிகிறது; 'பார்த்து' என்று அடுத்த வரி தொடங்குகிறது. நடுவில் ஒற்று மிகுமா? "மிகும். இலக்கணம் அதுதான்" என்றார் ஐயா. "வரி அங்க நிக்குது ஐயா. மூச்சு விட்டுட்டு அடுத்த வரிக்குப் போறேன். 'ப்' போட்டா வாய் மூடிக்குது" என்றார் கவிஞர். ஐயா இரண்டு விதமாகவும் படித்துப் பார்த்தார். மூன்றாம் தடவை 'மழையை' என்று நிறுத்தி ஜன்னல் பக்கம் பார்த்தார். பேனாவை மூடி, "சரி, மூச்சு விட்டுக்கோ" என்றார்.

இடைவேளையில் ஐயா சொன்ன ஒன்றை இங்கே சொல்லியே ஆகவேண்டும். ஓலைச்சுவடியில் செய்யுளுக்கு வரி பிரிப்பதில்லை. ஓலை முடிகிற வரை எழுத்து ஓடும். மெய்யெழுத்துக்குப் புள்ளிகூட வைக்க மாட்டார்கள். சங்கப் பாடல்களை அச்சேற்றியவர்கள் யாப்பைப் பிடித்துக்கொண்டுதான் இது ஓர் அடி, இது அடுத்த அடி என்று பிரித்துப் போட்டார்கள். "அப்ப அடி எங்க முடியுதுன்னு காது சொல்லும். புதுக்கவிதை வந்த பிறகு அதைத் தாள்தான் சொல்லணும். அதனாலதான் இந்த வெள்ளையோட இவ்வளவு பாடு" என்றார். நாற்பது வருஷம் சிவப்பு மையோடு உட்கார்ந்திருந்தவருக்கு இதை எந்தப் புத்தகத்திலும் தேட வேண்டியிருக்கவில்லை.

அன்று சாயங்காலம் அண்ணாச்சியோடு பிள்ளையார் கோவில் தெரு வழியாக நடந்தேன். சி. சு. செல்லப்பா 1959 ஜனவரியில் தொடங்கிய 'எழுத்து' பத்திரிகை இந்தத் தெருவிலிருந்துதான் வந்தது. ந. பிச்சமூர்த்தியும் பின்னால் வந்த இளைஞர்களும் எழுதிய புதுக்கவிதைகளைத் தொகுத்து, 1962இல் 'புதுக்குரல்கள்' வெளியிட்டதும் அவர்தான். போட்ட புத்தகங்களைத் தானே சுமந்துகொண்டு ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். "எனக்குத் தோள்வலி வர்றப்பல்லாம் அவரை நினைச்சுக்குவேன்" என்றார் அண்ணாச்சி. இன்னும் கொஞ்சம் நடந்தால் பாரதி கடைசியில் வாழ்ந்த வீடு. 1920இல் தன் எழுத்தையெல்லாம் 40 புத்தகங்களாக, ஒவ்வொன்றும் 10,000 படி அச்சிடத் திட்டம் போட்டு, பணம் கேட்டு ஊரெல்லாம் கடிதம் எழுதியவர் அவர். நான்கு லட்சம் பிரதி! அந்தத் திட்டம் கைகூடாமலேயே அடுத்த ஆண்டு போய்விட்டார். நம் கவிஞருக்கு இப்போது 500 பிரதி. அண்ணாச்சி அந்த எண்ணைச் சொன்னபோது குரலில் துளி வருத்தமும் இல்லை. "ஐநூறு வீடு" என்றுதான் சொன்னார்.

தாள் தேர்வு ஒரு தனிக் கூத்து. டியூப்லைட்டுக்கு நேராக ஒரு தாளைத் தூக்கிப் பிடித்தார் அண்ணாச்சி. "இது 60 ஜிஎஸ்எம். நாவலுக்குப் போதும். பின்பக்கத்து எழுத்து தெரிஞ்சாலும் முன்பக்கத்து வரி அதை மூடிக்கும். கவிதையில பாதிப் பக்கம் வெறுமையாச்சே? பின்பக்கத்துக் கவிதை அங்க ஆவியாட்டம் எழுந்து நிக்கும்!" கடைசியில் கொஞ்சம் மஞ்சள் ஓடிய 80 ஜிஎஸ்எம் மேப்லித்தோ முடிவாயிற்று. கூடுதல் செலவு முழுக்க அந்த வெறும் இடத்துக்காகத்தான்.

ஒரு வாரம் கழித்து, ராயப்பேட்டையில் அச்சகம். உள்ளே போனதும் பேச்சு கேட்காது. மிஷின் தாளை உறிஞ்சி எடுத்து, உருட்டி, மறுபக்கம் துப்பும் சத்தம் நெஞ்சுக்குள் இடிக்கிறது. மண்ணெண்ணெயும் மையும் கலந்த வாடை. முதல் தாளைக் கையில் வாங்கிய கவிஞர் திகைத்துப் போனார். அவர் கவிதைகள் பாதி தலைகீழாக, ஒன்றின் தலையும் இன்னொன்றின் தலையும் இடித்துக்கொண்டு, 1க்குப் பக்கத்தில் 16, 4க்குப் பக்கத்தில் 13! மிஷின்மேன் அண்ணன் கத்திச் சொன்னார்: "பக்கத்துல பக்கத்துல இருக்கறதைக் கூட்டிப் பாருங்க, எப்பவும் 17 வரும். மடிச்சா எல்லாம் அது அது இடத்துல போய் நின்னுக்கும்." கவிஞர் விரல் விட்டுக் கூட்டிப் பார்த்து, வகுப்பில் முதல் பெஞ்சுப் பிள்ளை மாதிரி தலையாட்டினார்.

"கவிதைன்னா உங்களுக்கு லேசு, மையே செலவாகாது" என்று நான் மிஷின்மேன் காதருகே கத்தினேன். அவர் மிஷினை நிறுத்திவிட்டுத்தான் பதில் சொன்னார். "இதுதாங்க கஷ்டம். பாடப் புத்தகத்துல ஒரு மைப்புள்ளி தெறிச்சா கூட்டத்தோட கூட்டமாப் போயிடும். இதுல வெறும் இடத்துல விழுந்தா அது மட்டும்தான் தெரியும். எழுத்து மேல விழுந்தா இன்னும் மோசம். 'கல' 'கல்'லாயிடும்." தமிழுக்கே உரிய தொல்லை! சொல்லிவிட்டு ஒரு தாளை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். கண்ணுக்கே தெரியாத எதையோ பிளேட்டிலிருந்து துடைத்தார். மறுபடியும் இடி தொடங்கியது.

அங்கிருந்து இரண்டு தெரு தள்ளி பைண்டிங் கூடம். நான்கு பெண்கள் தரையில் உட்கார்ந்து தாள் மடிக்கிறார்கள். மார்கழியிலும் எல்லோர் நெற்றியிலும் வியர்வை. மின்விசிறி இருக்கிறது, போட மாட்டார்கள். போட்டால் ஃபாரம் பறக்கும். பண்பலையில் பாட்டு ஓடுகிறது, பாட்டின் தாளத்துக்கு மடிப்பு விழுகிறது. ஒரு பிளாஸ்டிக் ஸ்கேல் துண்டால் ஒரே இழுப்பு: மடி, தேய், திருப்பு. ஒரு தாளுக்கு மூன்று மடிப்பு. 500 பிரதிக்கு, ஐந்து ஃபாரத்துக்கு, 2500 தாள், 7500 மடிப்பு. இந்தக் கணக்கைச் சொன்னதும் மூத்த அக்கா ஸ்கேலைக் கீழே வைத்தார். "ஏன் சொன்னீங்க? இப்பதான் கை வலிக்குது!" மற்ற மூன்று பெண்களும் குலுங்கிச் சிரித்தார்கள்.

கவிஞரும் தரையில் உட்கார்ந்து ஒன்றை மடித்துப் பார்த்தார். ஓரம் அரை நூல் விலகியது. அக்கா வாங்கிப் பிரித்து மறுபடி மடித்தார். "ஓரம் தள்ளிப் போனா கட்டிங்ல உங்க எழுத்தை வெட்டிடும்மா. நீங்க விட்ட இடம் நீங்க விட்டபடி இருக்கணும்ல?" என்றார். தம்பி, ஐயா, அண்ணாச்சி, மிஷின்மேன் எல்லோரும் சொன்ன அதே பேச்சு, அவர்கள் பேசியது எதையும் கேட்டிராத ஒருவர் வாயிலிருந்து வந்தது!

ஃபாரங்களை வரிசைப்படுத்தி, முதுகில் சூடான பசை தடவி, ரேப்பர் போர்த்தி, ஆறவிட்டு, மூன்று பக்கமும் வெட்டுகிறார்கள். கத்தி இறங்கும்போது எல்லோரும் ஒரு நொடி பேச்சை நிறுத்துவதைக் கவனித்தேன். வெட்டுத்துண்டுகள் சேமியா மாதிரி தரையில் குவிய, முதல் பிரதி வெளியே வந்தது. முதுகில் இன்னும் சூடு இருந்தது.

கவிஞர் அதைத் திறக்கவே இல்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். முதல் பிரதியைப் பார்க்காமல் வீட்டுக்குப் போவதில்லை என்று எங்களோடு வந்திருந்த ஐயா, "கொடும்மா" என்று வாங்கினார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, அம்மாவின் கோபம் இருக்கிற பக்கத்தைத் திறந்தார். பெண்கள் மடிப்பதை நிறுத்தினார்கள். யாரோ பண்பலையை அணைத்தார்கள். ஐயா வாய்விட்டுப் படித்தார். இந்த முறை நிதானமாக, கமாவும் புள்ளியும் சொல்லாமல். முதல் பத்தி முடிந்தது. பழக்கம் விடுமா?

"ஒரு வரி வெள்ளை" என்றார்.

தன் தவறு தெரிந்து ஐயா நாக்கைக் கடித்துக்கொண்டார். மூத்த அக்கா மட்டும் கவிஞரின் முழங்கையைத் தொட்டு மெதுவாகக் கேட்டார்: "அதுவும் பாட்டுல இருக்கா கண்ணு?"

"இருக்குக்கா" என்றார் கவிஞர்.

ஐயா இரண்டாம் பத்தியைத் தொடங்கினார்.