பழவேற்காட்டுச் சேறு: உப்பு, களிமண், கொஞ்சம் புழு

பழவேற்காடு ஏரியில் சேற்றில் இறங்கி நடந்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கும். கால் வைத்தவுடன் தரை தாங்குகிற மாதிரி இருக்கும். உடம்பின் பாரம் முழுசாக இறங்கியதும் உள்வாங்கும். உள்ளே போன காலை வெடுக்கென்று இழுத்தால் வராது. வந்தாலும் செருப்பு அங்கேயே தங்கிவிடும். அந்த ஊர்க்காரர்கள் அப்படி இழுப்பதில்லை. பாதத்தை லேசாக ஆட்டி, பக்கவாட்டில் தண்ணீர் இறங்க வழிவிட்டு, நிதானமாக எடுக்கிறார்கள்.

ஏன் இப்படி? சேறு என்பது திடமா, திரவமா? நான் இயற்பியலாளன் இல்லை. பி.இ. முடித்துவிட்டு இருபது வருடத்துக்கு மேலாக மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். ஆனால் இந்தக் கேள்வி ரொம்ப நாளாக என்னைவிட்டுப் போகவில்லை. தேடிப் படிக்கப் படிக்க, சேற்றைப் பற்றிய ஆராய்ச்சி அந்த ஏரியை நம்பிப் பிழைப்பவர்களின் சோற்றுப் பிரச்சினைக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று தெரிந்தது. அதைத்தான் இங்கே எழுதிவைக்கிறேன்.

மென்பருப்பொருள் என்றால்?

தயிர், பற்பசை, தக்காளி சாஸ், ஷேவிங் நுரை, நம் உடம்பின் தசை, சேறு. இவை எல்லாம் ஒரே குடும்பம். சும்மா இருக்கும்போது திடப்பொருள் மாதிரி வடிவத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். கொஞ்சம் அழுத்தினால், ஆட்டினால், திரவம் மாதிரி ஓடும். இயற்பியலில் இவற்றை மென்பருப்பொருள் என்கிறார்கள். இந்தத் துறையில் செய்யும் பரிசோதனைகளுக்குப் பெரிய துகள் முடுக்கி எல்லாம் தேவையில்லை. ஒரு பொருளைத் திருகிப் பார்த்து, எவ்வளவு எதிர்க்கிறது என்று அளக்கும் கருவி, நல்ல நுண்ணோக்கி, நிறையப் பொறுமை. பெரும்பாலும் அவ்வளவுதான்.

பழவேற்காடு ஏரி இந்தியாவில் சிலிகாவுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி. பெரும்பகுதி ஆந்திராவில், தென்கோடி நம் திருவள்ளூர் மாவட்டத்தில். வங்கக் கடலுக்கும் ஏரிக்கும் நடுவில் ஸ்ரீஹரிகோட்டா தீவு. ஆரணியாறு, காளங்கி போன்ற ஆறுகள் வண்டல் கொண்டுவருகின்றன. முகத்துவாரம் வழியாகக் கடல்நீரும் மணலும் வருகின்றன. ஆக மணல், களிமண், உப்புத் தண்ணீர் மூன்றும் ஒரே இடத்தில் கலக்கின்றன. இந்த மூன்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதுதான் அடுத்த கேள்வி.

சீட்டுக்கட்டு வீடு

களிமண் துகள் உருண்டையாக இருக்காது. சீட்டு மாதிரித் தட்டையானது. அகலத்தோடு ஒப்பிட்டால் தடிமன் மிக மிகக் குறைவு. அதன் முகத்தில் எதிர்மின்சுமை இருக்கும். அதனால் நல்ல தண்ணீரில் துகள்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கும். ஆற்று நீரில் இந்தத் தள்ளுவிசை சில நானோமீட்டர் தூரம் வரை எட்டும். கடல்நீரில் கரைந்திருக்கும் உப்பு அயனிகள் அந்த மின்சுமையை மறைத்துவிடும். அங்கே தள்ளுவிசை அரை நானோமீட்டர்கூட எட்டாது. பக்கத்தில் வந்த துகள்கள் ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டிக்கொண்டவை கனத்து, கீழே இறங்கி, சீட்டுக்கட்டு வீடு மாதிரி உள்ளே நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு ஒரு கூடாக நிற்கின்றன.

வீட்டிலேயே பார்க்கலாம். இரண்டு பாட்டிலில் கேன் தண்ணீர் ஊற்றி, ஆளுக்கு ஒரு ஸ்பூன் களிமண் போட்டு, ஒன்றில் மட்டும் இரண்டு ஸ்பூன் உப்பு சேர்த்து நன்றாகக் குலுக்கி வையுங்கள். உப்புப் பாட்டிலில் சில மணி நேரத்தில் மேலே தெளியும். மற்றது மறுநாளும் கலங்கலாகவே இருக்கும். ஆற்று வண்டல் உவர்நீரைத் தொட்டதும் ஏரியிலேயே படிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

கால் ஏன் மாட்டுகிறது?

2005-இல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் டேனியல் பான் குழு, புதைமணலைப் பற்றி நேச்சர் இதழில் ஒரு சின்னக் கட்டுரை எழுதியது. ஈரானில் கோம் நகருக்குப் பக்கத்து உப்பு ஏரி ஓரத்தில் இருந்து எடுத்த புதைமணலை ஆராய்ந்தார்கள். அதிலும் இதே பொருட்கள்தான்: மணல், களிமண், உப்புத் தண்ணீர். உப்பு அதில் இருப்பது முக்கியம் என்று கண்டார்கள்.

நடப்பது இதுதான். களிமண் கூடு மணல் துகள்களை நெருக்கம் இல்லாமல், தள்ளித் தள்ளித் தாங்கி வைத்திருக்கிறது. கால் பட்டதும் கூடு உடைந்து திரவமாகிறது. தண்ணீர் மேலே பிரிகிறது. தாங்க ஆள் இல்லாத மணல் கீழே இறங்கி, காலைச் சுற்றி நெருக்கமாக அடைந்துகொள்கிறது. முதலில் இருந்ததைவிட இது ரொம்பக் கெட்டி. இதிலிருந்து ஒரு பாதத்தை விநாடிக்கு 1 செ.மீ. வேகத்தில் வெளியே இழுக்க, சுமார் 10,000 நியூட்டன் விசை தேவை என்று கணக்கிட்டார்கள். அதாவது ஒரு நடுத்தரக் காரைத் தூக்குகிற அளவு!

இன்னொன்றும் பார்த்தார்கள். மனித உடலின் அடர்த்தி உள்ள ஓர் உருண்டையை அதில் போட்டு ஆட்டினாலும் பாதிக்கு மேல் மூழ்கவில்லை. புதைமணலின் அடர்த்தி நம் உடம்பைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. சினிமாவில் வருகிற மாதிரி தலை வரை முழுங்காது. ஆபத்து மாட்டிக்கொள்வதில் இருக்கிறது. அலை ஏறும் நேரத்தில் மாட்டினால் அது பெரிய ஆபத்து. வெளியே வர வழி, இறுகிய மணலுக்குள் மறுபடி தண்ணீரை விடுவது. காலை மெல்ல ஆட்டும் பழவேற்காட்டுக்காரர் செய்வது அதைத்தான்.

பழவேற்காட்டில் எல்லா இடமும் புதைமணல் என்று சொல்லவில்லை. முகத்துவாரத்துக்குப் பக்கம் மணல் அதிகம், உள்ளே போகப் போகக் களி அதிகம். சேர்மானம் மாறும்; இயங்கும் விதி ஒன்றுதான்.

சேற்றுக்கு வயது உண்டு

பெங்களூரு ராமன் ஆராய்ச்சி நிறுவனத்தில் ரஞ்சனி பந்தோபாத்யாய் குழு பல வருடங்களாகக் களிமண் கலவைகளை ஆராய்ந்துவருகிறது. லாப்போனைட் என்ற செயற்கைக் களிமண்ணை அதிகம் பயன்படுத்துகிறார்கள். அதன் துகள் சுமார் 25 நானோமீட்டர் அகலமும் 1 நானோமீட்டர் தடிமனும் உள்ள வட்டத் தட்டு. தண்ணீரில் கலந்து சும்மா வைத்தால் நேரம் ஆக ஆகக் கலவை தானாகவே இறுகுகிறது. உப்பு சேர்த்தால் இறுகும் வேகம் மாறுகிறது. பலமாகக் கலக்கினால் மறுபடி இளகி, இறுகுவது முதலிலிருந்து தொடங்குகிறது. இதை மூப்படைதல் என்றே அழைக்கிறார்கள். ஒரு களிமண் கலவை எவ்வளவு கெட்டி என்று சொல்ல, அதில் என்ன இருக்கிறது என்பது போதாது. கடைசியாக எப்போது கலக்கப்பட்டது என்பதும் தெரிய வேண்டும். கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்வது மாதிரி, ஒவ்வொரு பெரிய கலக்கலும் சேற்றின் கடிகாரத்தைப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோகிறது.

புழு எப்படித் துளைக்கிறது?

இப்போது உயிருக்கு வருவோம். ஏரிச் சேற்றுக்குள் பாலிகீட் எனப்படும் புழுக்கள் வாழ்கின்றன. உடம்பு முழுக்க வளையம் வளையமாக, பக்கத்துக்கு ஒரு வரிசை மயிர்க்கால்களோடு இருக்கும். இவ்வளவு மெல்லிய உடம்பை வைத்துக்கொண்டு இறுகிய சேற்றில் எப்படிப் போகிறது? மண்ணை ஒதுக்கித் தள்ளிக்கொண்டு போகிறது என்றுதான் பல காலம் நினைத்தார்கள். அப்படிப் போக ஆகும் சக்தியைக் கணக்கிட்டால், கட்டுபடியாகாத அளவுக்கு இருந்தது.

2005-இலேயே, அதே நேச்சர் இதழில், அமெரிக்காவின் மெய்ன் பல்கலைக்கழகத்தில் இருந்த கெல்லி டோர்கன், பீட்டர் ஜூமார்ஸ் முதலானோர் விடை சொன்னார்கள். சேற்றுக்குள் கண்ணால் பார்க்க முடியாது. அதனால் கடல்நீரில் ஜெலட்டின் கலந்து, சேற்றைப் போலவே மீள்தன்மை உள்ள, கண்ணாடி மாதிரித் தெளிவான ஒரு கட்டியைச் செய்தார்கள். முனைவாக்கிய ஒளியில் பார்த்தால் அதற்குள் எங்கே அழுத்தம் விழுகிறது என்பது தெரியும். அதில் புழுவை விட்டார்கள். புழு தன் தொண்டையை வெளிப்பக்கமாகப் புரட்டி ஆப்பு மாதிரி அடிக்கிறது. முன்னால் ஒரு விரிசல் ஓடுகிறது. அந்த விரிசலுக்குள் நுழைந்து முன்னேறுகிறது. விறகு பிளக்கிறவர் கட்டை முழுவதையும் நசுக்குவதில்லையே. ஆப்பை வைத்தால் விரிசல் முனையில் விசை குவிந்து மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

இதற்கும் ஒரு சமையலறைச் சோதனை உண்டு. சைனா கிராஸைக் காய்ச்சி ஒரு கண்ணாடி டம்ளரில் உறைய வைத்து, ஊசி இல்லாத சிரிஞ்சில் சின்னக் குழாயைச் செருகி, உள்ளே மெதுவாகக் காற்றை விட்டுப் பார்த்தேன். குமிழி உருண்டையாக வரவில்லை. காசு மாதிரித் தட்டையாக, பக்கவாட்டில் பார்த்தால் ஒரு கோடாக வந்தது. அது குமிழியாக வளரவில்லை, விரிசலாக வளர்ந்தது. சேற்றுக்குள் ஊறும் வாயுவும் இப்படித்தான் வழி தேடுகிறது.

புழு போன வழி அப்படியே ஒரு குழாயாக நிற்கும். அதன் வழியே மேல்தண்ணீரும் அதிலுள்ள ஆக்சிஜனும் கீழே இறங்கும். கறுப்புச் சேற்றை வெட்டிப் பார்த்தால் வளையின் சுவரை ஒட்டிப் பழுப்பு நிறம் தெரியும். அங்கே இரும்பு ஆக்சிஜனோடு சேர்ந்திருக்கிறது என்பதற்கான அடையாளம் அது. காற்றே போகாத சேற்றுக்கு மூச்சுக் குழாய் போட்டுத் தருவது இந்தப் புழுதான்.

இதில் யாருக்கு என்ன?

இறால் பண்ணைகளுக்குக் குஞ்சு தயாரிக்கும் பொரிப்பகங்களில், தாய் இறாலுக்குக் கொடுக்கிற தீனிகளில் உயிருள்ள பாலிகீட் புழுவுக்கு நல்ல கிராக்கி. சினை நன்றாகப் பிடிக்கும் என்பதால். அதற்காகக் கழிமுகச் சேறுகளைத் தோண்டிப் புழு எடுக்கிறார்கள். எண்ணூர், பழவேற்காடு பக்கத்து மீனவர்கள் இதை எதிர்த்து வருகிறார்கள். ஏரியின் இறாலுக்கும் மீனுக்கும் இந்தப் புழுதான் தீனி என்பது அவர்கள் வாதம். அது சரியான வாதம். மேலே பார்த்த இயற்பியல் அதோடு இன்னும் இரண்டு காரணங்களைச் சேர்க்கிறது.

முதலாவது, தோண்டுவது சேற்றின் கடிகாரத்தைத் திருப்பி வைக்கிறது. இறுகி நின்ற கூடு உடைகிறது, தண்ணீர் கலங்குகிறது, படிந்தது மறுபடி படிய வேண்டியிருக்கிறது. இரண்டாவது, உடைந்த களிமண் கூடு சும்மா விட்டால் தானாகத் திரும்பக் கட்டிக்கொள்ளும். வளைகள் அப்படித் தானாக வராது. புழு இருந்தால்தான் வளை. புழுவை வாளியில் அள்ளிக்கொண்டு போய்விட்டால் மிஞ்சுவது, மூச்சு அடைத்த கறுப்புச் சேறு.

இதன் சுமை எல்லார் மேலும் ஒரே மாதிரி விழாது. படகும் வலையும் உள்ளவர் கடலுக்காவது போகலாம். இடுப்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்து நகர்ந்து, பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறால் பிடிக்கிற இருளர் பெண்களுக்கு அந்தச் சேற்றை விட்டால் வேறு இடம் இல்லை. எங்கோ ஒரு தொட்டியில் இருக்கும் இறாலுக்குத் தீனியாக, இவர்கள் கைக்கு வர வேண்டிய இறாலின் தீனி போகிறது.

முகத்துவாரம் மணலால் அடைபடுவதும் இதே கணக்கில் வரும். அடைபட்டால் கடல்நீர் வரத்து குறையும். மழைக்காலத்தில் ஏரி கிட்டத்தட்ட நல்ல தண்ணீராகும். கோடையில் தண்ணீர் வற்றி, இடத்துக்கு இடம் கடலைவிட உப்பாகும். உப்பு மாறினால் களிமண் படிகிற விதம் மாறும், அதில் வாழும் புழுவும் மாறும். அதனால் முகத்துவாரத்தைத் திறந்து வைக்கச் சொல்லும் கோரிக்கை, படகு போக வழி கேட்பது மட்டுமில்லை. ஏரியின் அடித்தரை எப்படி இருக்க வேண்டும் என்பதும் அதில் அடங்கியிருக்கிறது.

ஏரியைப் பற்றிப் பேசும்போது நாம் வழக்கமாக அளப்பது மேலே இருப்பதை: தண்ணீரின் ஆழம், பூநாரை எண்ணிக்கை, மீன்பிடி எத்தனை கிலோ. சேறு எவ்வளவு இறுகியிருக்கிறது, ஒரு சதுர அடியில் எத்தனை வளைகள் இருக்கின்றன என்பதையும் வருடா வருடம் குறித்து வைக்கலாம். வளையை எண்ண ஒரு மரச் சட்டமும் நோட்டும் போதும். உள்ளூர்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகளே செய்யலாம். பத்து வருடக் கணக்கு கையில் இருந்தால், புழு எடுப்பதால் ஒன்றும் ஆகாது என்று யாராவது சொல்லும்போது எடுத்துக் காட்ட ஒரு காகிதம் இருக்கும்.