உறுதியில் மட்டக்களப்பு, புத்தகத்தில் அம்பாறை

கல்முனையில் பழைய வீடொன்றின் அலுமாரியில் 1950களில் எழுதிய காணி உறுதி ஒன்று கிடக்கலாம். காணி இருக்கும் மாவட்டம் மட்டக்களப்பு என்று அதில் இருக்கும். அந்த வீட்டுப் பிள்ளையின் புவியியல் புத்தகமோ கல்முனையை அம்பாறை மாவட்டத்தில் காட்டும். இரண்டும் சரிதான், அம்பாறை தனி மாவட்டமானது 1961இல். உறுதி பெண்ணின் பெயரில் இருந்தால் இன்னொரு வரலாறும் வெளிவரும்: மகளுக்கு வீடு கொடுத்து, மருமகனை அங்கே குடிவைக்கும் இந்தக் கரையோர வழக்கம்.

இந்த உறுதியை யார், எப்போது, எதற்காக எழுதினார்கள் என்று கேட்கத் தெரிவதே சமூகக்கல்வித் தேர்ச்சியின் உயிர். அமெரிக்க ஆய்வாளர் சாம் வைன்பர்க் 1991இல் இதைச் சோதித்துக் காட்டினார். 1775ஆம் ஆண்டு அமெரிக்காவில் நடந்த லெக்சிங்டன் மோதல் பற்றிய ஆவணங்களை எட்டு வரலாற்றறிஞர்களிடமும் எட்டு உயர்நிலைப் பள்ளி மாணவரிடமும் கொடுத்தார். அறிஞர்களில் பாதிப்பேருக்கு அமெரிக்க வரலாறு சிறப்புத்துறையே அல்ல. ஆனாலும் அவர்கள் முதலில் எழுதியவர் யாரென்று பார்த்தார்கள்; ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிட்டார்கள். கெட்டிக்கார மாணவர்களோ எல்லாவற்றையும் பாடநூல்போல வாசித்துத் தகவல் திரட்டினார்கள்.

கேள்வி பிறக்க, முன்னறிவு வேண்டும். 1988இல் ரெக்ட், லெஸ்லி என்ற இரு ஆய்வாளர்கள் பேஸ்போல் ஆட்டம் பற்றிய பத்தியொன்றை மாணவருக்குக் கொடுத்தார்கள். ஆட்டம் தெரிந்த சுமாரான வாசகர்கள், ஆட்டம் தெரியாத நல்ல வாசகர்களைவிட நன்றாக விளங்கிக்கொண்டார்கள். கல்லோயா நீர்ப்பாசனத் திட்டம் பற்றிய பாடமும் அப்படித்தான். சம்மாந்துறையில் வட்டையும் பெரும்போகமும் சிறுபோகமும் பேசப்படும் வீட்டுப் பிள்ளைக்கு வாய்க்கால் நீர் எங்கிருந்து வருகிறதென்று தெரியும். சாய்ந்தமருதின் மீனவர் வீட்டுப் பிள்ளைக்குப் பருவக்காற்றுப் பாடம் புதிதல்ல; வாடைக் காலத்தில் தோணி கரையில் கிடப்பதைப் பார்த்தே வளர்கிறது. ஆசிரியர் அந்த அறிவை வகுப்புக்குள் அழைத்தால்தான் அது உதவும்.

அறிவு நிலைக்க, நினைவுகூரல் வேண்டும். ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த சோதனையில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து அவர்களுக்கு நினைவிருந்தது 42 சதவீதம். புத்தகத்தை மூடி நினைவுபடுத்தி எழுதியவர்களுக்கு 56 சதவீதம். ரியூசன் நோட்டைத் திரும்பத் திரும்ப வாசிப்பது தரும் தெம்பு ஒரு வாரத்துக்குக்கூடத் தாங்குவதில்லை.

சமூகக்கல்வியில் மாற்றத்துக்கு மிக எளிதான இடம் வினாத்தாள். பரீட்சை கேட்பதைத்தான் பிள்ளை படிக்கும். ஆண்டை மட்டும் கேட்டால் ஆண்டோடு நின்றுவிடும். “அம்பாறை எந்த ஆண்டில் தனி மாவட்டமானது?” என்பதோடு, “1955ஆம் ஆண்டு உறுதியில் ஏன் வேறு மாவட்டம் இருக்கிறது?” என்றும் கேட்கலாம். இரண்டாவது கேள்விக்கு விடை எழுத முதலாவதன் விடையும் தெரிந்திருக்க வேண்டும். மனனத்துக்கும் அங்கே வேலை இருக்கிறது, சிந்தனைக்கும் இருக்கிறது.