மர வேலை யந்திரங்களும் சுங்கப் பாகுபாடும்

தில்லி கீர்த்தி நகரில் மரக் கடைகளும், மேஜை நாற்காலி செய்யும் பட்டறைகளும் மிகுதி. இத்தகைய பட்டறை ஒன்றிற்கு அயல்நாட்டு ரம்ப யந்திரம் வருமாயின், சுங்கப் பட்டியலின்படி அதன் வகை தீர்மானிக்கப்படல் வேண்டும். வரி விகிதம் வகையைப் பொறுத்தது.

இவ்வகைப்பாட்டிற்கு அடிப்படையானது, 1983-இல் உருவாகி 1988 முதல் உலக வாணிபத்தில் நடைமுறைக்கு வந்த ஒருங்கிசைந்த குறியீட்டு முறையாகும். இந்தியா 1986-லேயே தன் சுங்கப் பட்டியலை இதற்கேற்ப அமைத்துக்கொண்டது. எட்டு இலக்கங்களுள் முதல் ஆறு பல நாடுகளுக்கும் பொதுவானவை. இறுதி இரண்டு நமக்குரியவை.

கருவி யந்திரங்களைப் பிரிக்கையில், அவை எப்பொருளின்மீது வேலை செய்கின்றன என்பதே முதல் வினா. உலோகம் கடையும் யந்திரம் 8458 என்ற தலைப்பில் அடங்கும். மரம் கடையும் யந்திரமோ 8465-ஐச் சேரும். தக்கை, எலும்பு, கடின ரப்பர், கடின பிளாஸ்டிக் ஆகியவற்றிற்கான யந்திரங்களும் இங்கேயே இடம்பெறும். கல், பீங்கான், கான்கிரீட் ஆகியவற்றிற்கு 8464 உரியது.

இப்பிரிவினை பொருள்களின் இயல்புக்கும் ஒத்ததே. மரம் நார்த்தன்மையுடையது, வேகமாகச் சுழலும் பற்களால் அறுபடும். கல் நொறுங்குந் தன்மையுடையது. வைரத் துகள் பதித்த தகட்டினால், நீர் ஊற்றிக் குளிர்வித்தவாறு தேய்த்தே அறுக்கப்படும்.

இரண்டாவது வினா, செய்யும் தொழில் யாது என்பது. 8465-க்குள் அறுத்தலுக்கு 91, இழைத்தலுக்கு 92, தேய்த்து மெருகிடுதலுக்கு 93, துளையிடுதலுக்கு 95 எனத் துணைக் குறியீடுகள் உள்ளன. இடையில் கருவியை மாற்றாமலே பல தொழில்களைச் செய்யும் யந்திரத்திற்கு 10 என்ற குறியீடு உண்டு.

சில விலக்குகளையும் நினைவிற்கொள்ளுதல் நன்று. லேசர் ஒளியால் மரத்தை வெட்டும் யந்திரம் 8456-க்குச் செல்லும். மோட்டார் உள்ளமைந்த கைக்கருவி 8467-இல் அடங்கும். ரம்பத் தகடு மட்டும் தனியே வருமாயின் 8202. பல காரியங்களுக்குப் பயன்படும் யந்திரம், அதன் முதன்மை நோக்கத்தைக் கொண்டு வகுக்கப்படும்.

2011 முதல் இறக்குமதி செய்பவரே வகையைக் குறித்து வரியைக் கணித்தல் வேண்டும். தவறான குறியீட்டினால் வரி குறைந்திருப்பின், பின்னர் அத்தொகையை வட்டியுடன் செலுத்த நேரிடும். சரக்கு தேங்கினால் வாடகையும் ஏறும். சிறு பட்டறைக்கு இது பெருஞ்சுமை. ஆகவே ‘ரம்ப யந்திரம்’ என்று மட்டும் எழுதாமல், அறுக்கும் பொருள், செய்யும் தொழில், இயங்கும் விதம் ஆகிய மூன்றையும் தெளிவாக எழுதுதல் அவசியம். ஐயமிருப்பின், 2021 முதல் தில்லியிலும் மும்பையிலும் இயங்கும் சுங்க முன்தீர்ப்பு அமைப்பிடம், சரக்கு வருமுன்னரே விண்ணப்பித்து முடிவு பெறலாம்.

ஆசிரியர்கள் தச்சுப் பட்டறைக் கருவிகளைக் காட்டி, இம்மூன்று வினாக்களையும் மாணவர்களிடம் கேட்கலாம். பொருள்களை முறையாகப் பாகுபடுத்தும் பயிற்சிக்கு இது எளிய தொடக்கமாகும்.