அம்மாவின் கண்ணும் இரண்டு ஆடுகளும்

"எனக்கு ஆப்பரேசனும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். இருக்கிற வரைக்கும் இப்படியே இருந்துட்டுப் போறேன்!"

சங்கரன்கோவிலுக்குப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் என் அம்மா இரண்டு வருஷமாக இதையே சொல்லிக் கொண்டிருந்தாள். இரண்டு கண்ணிலும் புரை. ரேஷன் அரிசியில் கல் தெரியாது. ஒரு நாள் வாசற்படி தடுக்கி விழுந்தும் விட்டாள். சொட்டு மருந்தில் புரை கரையாது, ஆபரேஷன் ஒன்றுதான் வழி என்று டாக்டர் சொல்லிவிட்டார். இலவச முகாமில் பெயர் கொடுத்தோம், அம்மா போகவில்லை. நானும் தம்பியும் மாறி மாறித் திட்டினோம். 'பிடிவாதம்' என்று முடிவு கட்டினோம்.

ஒரு நாள் திட்டாமல், பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்.

"ஏட்டி, நான் போய்ப் படுத்துக்கிட்டா ஆட்டுக்கு யாரு குழை ஒடிச்சுப் போடுவா? கண்ணுக்கு மருந்து ஊத்த யாரு இருக்கா?"

அவ்வளவுதான் விஷயம்! பக்கத்து வீட்டு மைனி ஒரு மாதம் ஆடுகளைப் பார்த்துக் கொள்வது, அடுத்த ஈற்றில் ஒரு குட்டி அவளுக்கு என்று பேசி முடித்தோம். அம்மா என் வீட்டுக்கு வந்தாள். ஆபரேஷனும் நல்லபடியாக நடந்தது.

விசைத்தறி ஓடும் ஊர்க்காரர்களான நமக்கு இது தெரியாதா? இழை சிக்கிக் கொண்டால் பலமாக இழுக்கக் கூடாது. முடிச்சு எங்கே என்று பார்க்க வேண்டும். நாமோ வீட்டில் இழுத்துக் கொண்டே இருக்கிறோம்!

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் கதையும் இதுதான். எட்டயபுரம் பக்கத்துக் கிராமத்தில் 1918-ல் பிறந்த டாக்டர் ஜி. வெங்கடசாமி, அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், 1976-ல் 11 படுக்கைகளோடு அதைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் கைவிரல்கள் கோணிப்போயும் ஆபரேஷன் செய்தவர் அவர். ஆபரேஷன் இலவசம் என்றாலும் கிராமத்து ஜனங்கள் பலர் வரவில்லை. ஏன்? பஸ் காசு, சாப்பாட்டுச் செலவு, போகிற கூலி, துணைக்கு ஆள். ஆகவே முகாமிலிருந்து பஸ்ஸில் அழைத்து வந்து, சாப்பாடும் போட்டு, திரும்பக் கொண்டுபோய் விட ஏற்பாடு செய்தார்கள். வருகிறவர்கள் கூடினார்கள்.

ஒரு முடிச்சு அவிழ்ந்தால் அடுத்தது தெரியும் அல்லவா? டாக்டர்களின் நேரம் போதவில்லை. கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து மற்ற வேலைகளை ஒப்படைத்தார்கள். ஒரு மேஜையில் ஆபரேஷன் நடக்கும்போதே, பக்கத்து மேஜையில் அடுத்தவர் தயாராக இருப்பார். பிறகு, கண்ணுக்குள் வைக்கும் வெளிநாட்டு லென்ஸின் விலை இடித்தது. 1992-ல் அரோலேப் என்று தனியே தொடங்கி, மதுரையிலேயே மலிவாகச் செய்தார்கள். பணம் கொடுப்பவர்களின் கட்டணம் ஏழைகளின் சிகிச்சைக்கும் உதவுகிறது. ஒன்றையொன்று தாங்கிக் கொள்கிறது, பாருங்கள்!

எங்கள் மகளிர் குழுவிலும் இப்படித்தான். மாதா மாதம் 5-ம் தேதி தவணை. பாதிப்பேர் தாமதம். அபராதம் போட்டோம், சண்டைதான் வளர்ந்தது. பிறகுதான் உறைத்தது: தறிக்கூலி கைக்கு வருவது சனிக்கிழமை. தவணையை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றினோம். அபராத நோட்டுக்கு இப்போது வேலையே இல்லை!

நம் சொந்த ஆசைகளும் அப்படியே. "நாளையிலிருந்து காலையில் நடக்கப் போகிறேன்" என்று எத்தனை முறை சொல்லியிருப்போம்! நடக்க முடியாததற்குக் காரணம் சோம்பல் இல்லை, லேட்டாக எழுந்திருப்பது. அதற்குக் காரணம் இரவு பதினொன்றரை வரை பாத்திரம். அதற்குக் காரணம் வீட்டில் ஆளுக்கொரு நேரம் சாப்பிடுவது. ஆகவே நடையைக் காலையில் தேடாதீர்கள். ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் தேடுங்கள். எல்லோரும் எட்டரைக்குச் சேர்ந்து சாப்பிட்டுப் பாருங்களேன்.

ஏதாவது நடக்கவில்லையென்றால், "யார் மேல் தப்பு?" என்று கேட்கும் முன், "எங்கே சிக்குகிறது?" என்று கேளுங்கள். சம்பந்தப்பட்டவரிடமே கேளுங்கள். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றிய பிறகு சிக்கல் வேறு எங்கே நகர்ந்தது என்றும் பாருங்கள்.

போன வாரம் அம்மா வந்திருந்தாள். என் முறத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "ஏட்டி, இம்புட்டுக் கல்லு கெடக்கு, உனக்குக் கண்ணு தெரியலையா?" என்றாள்.

திட்டு வாங்கி இவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றுதான்!