சொன்னால் மட்டும் போதுமா? விவசாயப் பயிற்சிக்கு ஏற்ற முறையைத் தேர்ந்தெடுப்போம்



சில வருடங்களுக்கு முன்பு நமது கூட்டமைப்பில் விதைநேர்த்திப் பயிற்சி நடத்தினோம். ஒரே நாளில் இருபது விஷயம் சொன்னோம். "புரிஞ்சுதா?" என்று கேட்டோம். "புரிஞ்சுதுங்க" என்று எல்லோரும் தலையாட்டினார்கள். அடுத்த மாதம் ஒரு சகோதரி கண்கலங்கி வந்து நின்றார். உப்புத் தண்ணீரில் போட்ட விதைநெல் சரியாக முளைக்கவில்லை. விசாரித்தால், உப்புப் போக நல்ல தண்ணீரில் அலசவே இல்லை. "அலசணும்" என்று நாங்கள் சொல்லத்தான் செய்தோம். ஆனால் இருபதில் ஒன்றாகச் சொன்னோம். குழுக் கடனில் வாங்கிய விதை அது. தப்பு அவர் மேல் இல்லை, எங்கள் மேல்தான்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது அல்லவா? அதனால் பயிற்சி வைப்பதற்கு முன்பு நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி: இது முடிந்ததும் உறுப்பினர் என்ன செய்ய வேண்டும்?

1. தகவல் தெரிந்தால் போதுமா?

மானியம் வந்திருக்கிறது, விதை எந்தத் தேதியில் கிடைக்கும் என்பது போன்ற செய்திக்குக் குழுக் கூட்டத்தில் அறிவிப்பு, சுவரொட்டி, வானொலி, செல்போன் செய்தி போதும். இதற்காக ஒரு நாள் கூலியை இழந்து யாரும் வர வேண்டியதில்லை.

2. கை வேலை பழக வேண்டுமா?

அப்படியானால் செயல்முறை விளக்கம்தான் சரி. பத்துப் பதினைந்து பேருக்கு மேல் வேண்டாம். உதாரணத்துக்கு, உப்புக் கரைசல். புது முட்டையை முதலில் வெறும் தண்ணீரில் போட்டுக் காட்டுங்கள், மூழ்கும். உப்பைக் கரைக்கக் கரைக்க முட்டை மேலே வரும். பழைய நாலணா காசு அளவுக்கு வெளியே தெரிந்தால் கரைசல் தயார். விதையைக் கொட்டி, மிதக்கும் பதரை எடுத்துவிட்டு, மூழ்கிய விதையை இரண்டு மூன்று தடவை நல்ல தண்ணீரில் அலச வேண்டும். நாம் ஒரு தடவை செய்து காட்டினால், ஒவ்வொருவரும் ஒரு தடவை செய்ய வேண்டும். யார் அலச மறக்கிறார்கள் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

3. நம்பிக்கை வர வேண்டுமா?

திருந்திய நெல் சாகுபடியை எடுத்துக்கொள்வோம். 14 நாள் நாற்று, குத்துக்கு ஒன்று, 25 செ.மீ. இடைவெளி. நட்ட புதிதில் வயல் வெறிச்சென்று கிடக்கும். "நாத்து பத்தலையா?" என்று கேலி செய்வார்கள். பேச்சால் இந்தச் சந்தேகம் போகாது. ஒரே வயலில் பாதி பழைய முறை, பாதி புது முறை என்று நட்டு, ஊரைக் கூட்டிக் காட்ட வேண்டும். இதுதான் முடிவு விளக்கம். நட்டவுடன் மட்டும் காட்டாமல், தூர் கட்டும்போதும் அறுவடையின்போதும் காட்டுங்கள்.

4. தானே முடிவெடுக்க வேண்டுமா?

பூச்சி வந்ததும் மருந்துக் கடைக்கு ஓடுவதா, பொறுப்பதா? இதற்கு உழவர் வயல்வெளிப் பள்ளி உதவும். புகையான் பூச்சியால் நெல் பாழான இந்தோனேசியாவில் 1989-ல் இது தொடங்கியது. கண்டபடி மருந்தடித்ததில் நன்மை செய்யும் சிலந்திகள் செத்து, புகையான்தான் பெருகியது. எனவே 20, 25 விவசாயிகள் வாரம் ஒரு முறை வயலில் கூடி, பயிரையும் பூச்சியையும் எண்ணி, படம் வரைந்து, தாங்களே பேசி முடிவெடுத்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத நம் அக்காமார்களும் இதில் முழுசாகப் பங்கெடுக்கலாம்.

யாருக்கு, எப்போது?

நாற்றுப் பறிப்பது, நடுவது, களை எடுப்பது எல்லாம் பெரும்பாலும் நம் பெண்கள் கைதான். ஆனால் பயிற்சி மட்டும் காலை 10 மணிக்கு நிலம் வைத்திருக்கும் ஆண்களுக்கு நடக்கிறது. அந்த நேரம் நாம் வயலில் இருப்போம். பிறகு, "ஒத்த நாத்தா நடத் தெரியலையா?" என்ற ஏச்சு நமக்கு வரும். எனவே நடவாட்களையும் கூப்பிடுங்கள். அவர்களைக் கேட்டு நேரம் வையுங்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் போடுங்கள்.

செல்போன் வீடியோவும் நல்லதுதான். பழகியதை ஞாபகப்படுத்த உதவும். ஆனால் கைப்பழக்கத்தை அது மட்டுமே தந்துவிடாது.

அந்தச் சகோதரி அடுத்த பருவத்தில் நம் செயல்முறை விளக்கத்துக்கு வந்தார். விதையை அலசிக் காட்டியதே அவர்தான்! உங்கள் குழுவின் அடுத்த பயிற்சிக்கு எந்த முறை பொருந்தும்? வரும் மாதக் கூட்டத்தில் பேசி, தீர்மானப் புத்தகத்தில் எழுதி வையுங்கள்.