காப்புறுதி முகவரும் காப்புறுதி பெறுவோரும்

மாடு வாங்கப் போகிறவன் அதன் பல்லைப் பிடித்துப் பார்க்கிறான். காணி வாங்கப் போகிறவன் உறுதியைப் புரட்டிப் படிப்பதோடு நில்லாது, எல்லைக் கல்லையும் நேரிற் சென்று காண்கிறான். காப்புறுதி வாங்குகிறவன் மட்டும் பெரும்பாலும் ஒன்றையும் பார்ப்பதில்லை. பார்ப்பதற்கு அங்கே ஒரு பொருளும் இல்லை என்பதே அதற்குக் காரணமாகலாம். அவன் விலை கொடுத்து வாங்குவது ஒரு வாக்கு. அந்த வாக்கு நிறைவேற்றப்படும் நாள் இருபது ஆண்டுகளுக்குப் பின் வரலாம். ஆயுட் காப்புறுதியாயின் அந்த நாளில் அவன் உயிரோடு இருக்கவும் மாட்டான். வாக்கின் சொற்களைப் படித்துக்கொண்டு கந்தோர் வாசலில் நிற்பவர் அவன் மனைவியாகவோ, பள்ளிப் படிப்பை முடித்திராத மகனாகவோ இருப்பர்.

ஆகவே, வாங்குகின்ற நாளில் அவனுக்குப் பக்கத்தில் அமர்ந்து விளக்கம் கூறுபவர் யார், அவர் எந்தப் பக்கத்து மனிதர் என்னும் வினா சிறிய வினா அன்று.

நமது பேச்சு வழக்கில் காப்புறுதி பற்றிப் பேச வீட்டுக்கு வரும் எவரும் 'ஏஜன்ட்' என்றே அழைக்கப்படுகிறார். சட்டமோ இவர்களை இரு கூறாகப் பிரிக்கிறது. ஒருவர் முகவர். அவர் ஒரு காப்புறுதி நிறுவனத்தின் பெயரால், அந்த நிறுவனத்தின் திட்டங்களை விற்பவர். மற்றவர் தரகர். இலங்கையில் தரகராக இயங்குவதற்கு ஒரு கம்பனியாக அமைந்து, இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவில் பதிவு பெறுதல் வேண்டும். தரகர் எந்த ஒரு நிறுவனத்துக்கும் கட்டுப்படாது, பல நிறுவனங்களின் திட்டங்களை ஒப்பிட்டு, காப்புறுதி பெறுபவரின் சார்பில் நின்று பேசுபவர். 'தரகர்' என்னும் சொல்லுக்குக் கலியாணத் தரகரும் காணித் தரகரும் சேர்ந்து ஏற்படுத்திய ஒரு கெட்ட பெயர் நம்மவரிடையே உண்டு. அதனால், உண்மையிற் சுதந்திரமாக நின்று ஆலோசனை கூறக்கூடியவர் அவரே என்பது பலருக்குத் தெரியாமற் போயிற்று.

ஒரு காலத்தில் இந்த வேறுபாட்டுக்கு இந்நாட்டில் அதிக வேலை இருக்கவில்லை. 1961 ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிறுவப்பட்ட காப்புறுதிக் கூட்டுத்தாபனத்துக்கு 1962 இல் ஆயுட் காப்புறுதியும் 1964 இல் பொதுக் காப்புறுதியும் தனியுரிமையாகின. 1980 ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியிலேயே தனியார் நிறுவனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது. 2000 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கச் சட்டம் இத்துறை முழுவதையும் புதிதாக ஒழுங்கு செய்தது. அதன்படி அமைந்த காப்புறுதிச் சபையே 2017 ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் ஆணைக்குழு என்னும் பெயரைப் பெற்றது. ஆயுட் காப்புறுதியையும் பொதுக் காப்புறுதியையும் ஒரே கம்பனி நடத்தலாகாது என்பதும் இப்போதுள்ள விதி. ஒரு கடை இருந்தபோது ஒப்பிடுவதற்கு எதுவும் இருக்கவில்லை. பல கடைகள் உள்ள இன்று ஒப்பிட அறிந்தவரின் துணை தேவையாகிறது.

முகவர் யாருடைய மனிதர் என்பதன் பயனை இரண்டு பழைய வழக்குகள் நன்கு காட்டும். இரண்டும் இங்கிலாந்தில் நடந்தவை. ஆயினும், பங்காளிகள், முதல்வர்–முகவர் தொடர்பு, ஆயுள், தீக் காப்புறுதி முதலியவற்றில் ஆங்கிலச் சட்டத்தையே பின்பற்றுமாறு 1852 ஆம் ஆண்டின் குடியியற் சட்டக் கட்டளை இந்நாட்டுக்கு விதித்ததால், அவை நமக்கும் அயலானவை அல்ல.

முதல் வழக்கு 1892 ஆம் ஆண்டுக்குரியது. எழுத்து வாசனை மிகக் குறைந்த ஒரு மனிதர். ஏற்கெனவே ஒரு கண்ணை இழந்தவர். விபத்துக் காப்புறுதிக்கான படிவத்தில், உடற்குறை ஏதும் இல்லை என்னும் வாசகத்தின் கீழே அவர் கையொப்பம் இருந்தது. அவருக்குக் கண் ஒன்றே என்பதை எதிரே அமர்ந்திருந்த முகவர் நேரிற் கண்டிருந்தார். பின்னர் ஒரு விபத்தில் மற்றக் கண்ணும் போயிற்று. முகவர் அறிந்ததைக் கம்பனி அறிந்ததாகவே கொள்ள வேண்டும் என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் கூற, முழுப் பார்வை இழப்புக்குரிய தொகை அவருக்குக் கிடைத்தது.

இதைக் கேட்டு ஆறுதல் அடைந்துவிடலாகாது. 1929 இல் அதே நீதிமன்றத்துக்கு ஒரு பஸ் வண்டியின் காப்புறுதி வழக்கு வந்தது. உரிமையாளர் முன்னைய இழப்புகளை உள்ளபடி முகவரிடம் சொன்னார்; முகவரோ படிவத்திற் பொய்யான விடையை எழுதினார். உரிமையாளரின் பக்கத்திலிருந்து அதிற் கையொப்பம் இடப்பட்டது. படிவத்தை நிரப்பும் வேலையில் முகவர் கம்பனியின் ஆள் அல்லர், கையொப்பமிட்டவருக்காக எழுதிக் கொடுத்த எழுத்தரே ஆவர் என்று நீதிமன்றம் தீர்த்தது. காப்புறுதி செல்லாதாயிற்று. எழுதுகோல் முகவர் கையில் இருந்தாலும் எழுத்து கையொப்பமிட்டவருடையதே என்பது இத்தீர்ப்பின் சாரம்.

இதற்கு அடிப்படையான விதி இன்னும் பழையது. காப்புறுதி உச்ச நல்லெண்ணத்தின் மேல் நிற்கும் ஒப்பந்தம் என்பதை 1766 இல் மான்ஸ்பீல்ட் பிரபு நிலைநாட்டினார். சுமாத்திராத் தீவில் இருந்த ஒரு கோட்டை பகைவர் கையிற் படுவதற்கு எதிராகப் பெற்ற காப்புறுதி பற்றிய வழக்கு அது. ஆபத்தின் அளவை மதிப்பிட உதவும் செய்தி எதுவாயினும் கேட்டாலும் கேளாவிட்டாலும் சொல்லப்படல் வேண்டும். நீரிழிவு உண்டா, இரத்த அழுத்தத்துக்கு மருந்து உட்கொள்ளப்படுகிறதா, முன்பு வேறொரு நிறுவனம் விண்ணப்பத்தை மறுத்ததா என்னும் வினாக்களுக்கு 'இல்லை' என்று எழுதிவிட்டால் அலுவல் விரைவில் முடியும் என்று கூறும் முகவர் உதவி செய்பவர்போலத் தோன்றுவார். அவர் செய்வது, பிற்காலத்தில் ஒரு விதவையின் கோரிக்கையைத் தள்ளுவதற்குரிய காரணத்தை இன்றே எழுதி வைப்பதாகும். வெற்றுப் படிவத்திற் கைச்சாத்திடுதல் எக்காரணம் கொண்டும் ஆகாது. தமிழிற் படிவம் கேட்டு வாங்கி, நிரப்பியபின் வாசித்துப் பார்த்து, ஒரு பிரதியை வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி, நல்ல முகவரையோ தரகரையோ அறிவது எவ்வாறு? அவர் முதலிற் பேசுகிறாரா, முதலிற் கேட்கிறாரா என்பதைக் கவனித்தாற் போதும். முப்பத்தெட்டு வயதுள்ள ஓர் அரசாங்கப் பாடசாலை ஆசிரியரை எடுத்துக்கொள்க. மனைவி, இரண்டு பிள்ளைகள், வங்கிக் கடனிற் கட்டிய வீடு, ஒரு மோட்டார் சைக்கிள் இவை அவருடைய உலகம். நல்ல ஆலோசகர் அவரிடம் புதுத் திட்டத்தின் அச்சுப் பத்திரத்தை நீட்டுமுன், அவரிடம் ஏற்கெனவே உள்ளவற்றை எண்ணுவார். 1898 ஆம் ஆண்டிலிருந்து வரும் விதவைகள் அநாதைகள் ஓய்வூதிய ஏற்பாட்டில் அவர் மனைவிக்கு உரிமை உண்டு. வைத்தியச் செலவுக்கு அரசாங்க ஊழியருக்கான 'அக்ரஹார' காப்புறுதியில் ஒரு பங்கு உண்டு. வீட்டுக் கடனோடு சேர்த்து, கடன் குறையக் குறையத் தானும் குறைந்து செல்லும் ஆயுட் காப்பு ஒன்றை வங்கியே எடுப்பித்திருக்கலாம். பலர் அதற்குக் கட்டிய பணத்தையே மறந்துவிடுகின்றனர். இவ்வளவும் போக எஞ்சும் இடைவெளி எது, பிள்ளைகள் தம் காலில் நிற்கும்வரை எத்தனை ஆண்டுகள், ஆண்டொன்றுக்கு எவ்வளவு என்று கணக்கிட்டு வரும் தொகையே அவருக்கு வேண்டிய காப்பு. இதே வயதில் ஒரு கடையில் வேலை செய்பவருக்கு விதவை ஓய்வூதியம் இல்லை. ஊழியர் சேமலாப நிதியே உண்டு. அவருடைய இடைவெளி வேறு. இருவருக்கும் ஒரே திட்டத்தை விற்கிறவர் ஆலோசகர் அல்லர்.

ஆயுட் காப்புறுதியிற் குறித்த காலத்துக்கான வெறுங் காப்பு ஒரு வகை. அந்தக் காலத்துள் மரணம் நேர்ந்தாற் பணம் வரும். நேராவிட்டால் ஒன்றும் வராது. சேமிப்பும் சேர்ந்த முதிர்வுக் காப்புறுதி மற்றொரு வகை. பின்னதில் முடிவில் ஒரு தொகை கையில் வருவதால் மக்கள் அதையே விரும்புகின்றனர். 'கட்டிய பணம் வீணாகிவிடுமே' என்று முன்னதைத் தள்ளுகின்றனர். கூரைக்கு ஓடு போட்ட ஆண்டில் மழை பெய்யாவிட்டால் ஓட்டுக்குக் கொடுத்த பணம் வீண் என்று யாரும் சொல்வதில்லை. ஒரே கட்டுப்பணத்துக்கு வெறுங் காப்பு தரும் தொகை முதிர்வுத் திட்டம் தருவதைப் பார்க்கிலும் பல மடங்கு பெரிது. இளங் குடும்பத்துக்கு வேண்டியது பெரும்பாலும் அதுவே. சேமிக்கும் பழக்கம் இல்லாதவருக்கு முதிர்வுத் திட்டம் ஒரு கட்டாய உண்டியலாக உதவும் என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆனால் முதற் சில ஆண்டுகளில் அதைக் கைவிட்டால், ஒப்படைப்புப் பெறுமதியாகத் திரும்புவது கட்டிய பணத்திற் சிறு பகுதியே, அல்லது ஒன்றுமில்லை.

இவ்விடத்தில் தரகுப்பணத்தைப் பற்றியும் பேசவேண்டியிருக்கிறது. முகவருக்கும் சரி, தரகருக்கும் சரி, ஊதியம் காப்புறுதி நிறுவனத்திடமிருந்தே வருகிறது. கட்டுப்பணம் பெரிதானாற் தரகும் பெரிதாகும். ஆயுட் காப்புறுதியில் முதல் ஆண்டுத் தரகு பின் ஆண்டுகளின் தரகினும் மிகக் கூடியது. ஆகையால் சுதந்திரமான தரகரும் முற்றிலும் பற்றற்ற முனிவர் அல்லர். உழைப்புக்குக் கூலி பெறுதல் குற்றமன்று. அதை மறைத்தலே குற்றம். 'இந்தத் திட்டத்தில் உங்களுக்கு எவ்வளவு கிடைக்கும்? மற்றதில் எவ்வளவு?' என்று நேரே கேட்கலாம். பழைய பத்திரத்தைக் கைவிட்டுப் புதியது எடுக்கச் சொல்பவரிடம் இக்கேள்வியைக் கட்டாயம் கேட்டாக வேண்டும். வயது கூடியபின் எடுக்கும் புதிய காப்புறுதிக்குக் கட்டுப்பணம் கூடும்; இடையில் வந்த நோய்களும் கணக்கில் வந்துவிடும்.

வீட்டுக் காப்புறுதியில் நம்மவர் இருமுறை ஏமாறுகின்றனர். தீக்கு மட்டும் காப்பு எடுத்துவிட்டு, எல்லாவற்றுக்கும் எடுத்ததாக எண்ணிக்கொள்வது ஒன்று. 2004 டிசம்பர் 26 இல் கடல் பொங்கியதும், 2016 மே மாதத்திற் களனி கங்கை பெருகியதும் தீயின் வேலை அல்ல. வெள்ளம், புயல், மண்சரிவு ஆகியவை பத்திரத்திற் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டுள்ளனவா என்று பார்த்தல் வேண்டும். குறைத்த மதிப்புக்குக் காப்பு எடுப்பது மற்றொன்று. மீளக் கட்ட 60 இலட்சம் ரூபா வேண்டிய வீட்டை 30 இலட்சத்துக்குக் காப்புறுதி செய்து, 10 இலட்சம் ரூபாச் சேதம் நேர்ந்தால், சராசரி விதி உள்ள பத்திரத்தின்படி கிடைப்பது 5 இலட்சமே. பாதி மதிப்புக்கு எடுத்தவர் மற்றப் பாதிக்குத் தாமே காப்புறுதியாளர் என்பது அவ்விதியின் தர்க்கம். 2022 செப்டெம்பரில் இந்நாட்டின் பணவீக்கம் ஏறத்தாழ நூற்றுக்கு 70 வீதத்தைத் தொட்டது. அதற்கு முன் எழுதிய தொகையை இன்னும் மாற்றாது வைத்திருப்பவர்கள் தம் வீட்டைத் தாமறியாமலே அரைகுறைக் காப்பில் விட்டிருக்கின்றனர். ஆண்டுதோறும் புதுப்பிக்கும்போது இதை நினைவூட்டுவது முகவரின் கடமை. கட்டுப்பணத்தை வாங்க மட்டும் வருபவர் அதைச் செய்வதில்லை.

மோட்டார் வாகனத்துக்கு மூன்றாந் தரப்புக் காப்புறுதி சட்டப்படி கட்டாயம். அது வாகனத்தால் இடிபட்டவருக்கான காப்பு. சொந்த வண்டி நொறுங்கினால் அதிலிருந்து ஒரு சதமும் வராது. வைத்தியக் காப்புறுதியில் முன்பே உள்ள நோய்களுக்கான விலக்கு, காத்திருக்க வேண்டிய காலம், ஒவ்வொரு செலவுக்கும் உரிய உச்சவரம்பு என்னும் மூன்றையும் படித்துவிட்டே கட்டுப்பணத்தைப் பார்ப்பது முறை.

தரகர் பதிவு பெற்றவரா என்பதை ஆணைக்குழு வெளியிடும் பட்டியலிற் சரிபார்க்கலாம். முகவராயின் அவருடைய நிறுவனத்திடமே கேட்கலாம். பணத்தைத் தனிமனிதர் பெயரில் கொடாது நிறுவனத்தின் பெயரிற் செலுத்தி, நிறுவனத்தின் பற்றுச்சீட்டைப் பெறுதல் வேண்டும். பின்னுரித்தாளியாக யார் பெயர் எழுதப்பட்டுள்ளது என்பதையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நன்று. கலியாணத்துக்கு முன் தாயின் பெயரை எழுதியவர்கள், தாய் காலமாகிப் பல ஆண்டுகள் சென்ற பின்னும் அதை மாற்றாதிருப்பதுண்டு. பத்திரம் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்பது வீட்டில் இன்னொருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கோரிக்கை மறுக்கப்பட்டால், காரணத்தை எழுத்திற் பெற்று, முதலில் அந்த நிறுவனத்துக்கே முறையிடல் வேண்டும். அங்கே தீராவிட்டால், 2005 முதல் இயங்கிவரும் காப்புறுதி ஒம்புட்ஸ்மன் என்னும் குறைகேள் அதிகாரியிடம் கட்டணமின்றி முறையிடலாம், ஆணைக்குழுவுக்கும் எழுதலாம். பத்திரம், பற்றுச்சீட்டுகள், நிறுவனத்தின் மறுப்புக் கடிதம், முதன்முதலாக நிரப்பிய படிவத்தின் பிரதி ஆகிய நான்கும் அம்முறைப்பாட்டோடு சேர்ந்திருத்தல் வேண்டும்.